எந்தப் பச்சை

ஐம்பத்தொன்றாம் வருடத்து ஹட்சன்.
லாரியிலிருந்து வின்ச் போட்டு இறக்கும்போதே
டெல்மர் கோவரிக் சொல்லிவிட்டார்:
புதுசாகவும் தெரிய வேண்டும், ஜோலீன்,
பழசாகவும் தெரிய வேண்டும்.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்கிற கதை.
சரி என்றேன். பெயின்ட் அடிப்பதுதான் பிழைப்பு.
லூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
என்னைவிட நன்றாக அடிப்பவர் கிடையாது.
அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார்,
முதுகுவலி வந்து அரிசோனா போய்விட்டார்.

முதல் வேலை, நிறம் பிடிப்பது.
பெட்ரோல் மூடிக்குள் ஒரு பச்சை,
உரித்த கையோடு பட்டாணி.
கூரையில் ஒரு பச்சை, சுண்ணாம்பு கலந்தது.
வெயில் பார்த்து நின்ற பக்கத்தில்
பசலை பாய்ந்த பச்சை.
பானெட் நுனியில் பச்சையே இல்லை:
யாரோ துடைத்துத் துடைத்து
அடியிலிருந்த ப்ரைமர்
ஈறு மாதிரி வெளியே வந்திருந்தது.

எந்தப் பச்சை வேண்டும் என்று கேட்டேன்.
டெல்மர் தொப்பியைக் கழற்றி
அதற்குள் பார்த்தார்.

இந்த வண்டியில் ஏறுவதென்றால் இறங்க வேண்டும்.
தரை, கதவுப் படிக்குக் கீழே;
அப்படித்தான் கட்டினார்கள்.
இறங்கினேன்.
கம்பளி, எலி, கோதுமைத் தூசு,
வால்வு ரேடியோ சூடேறும்போது வருமே, அந்த வாசனை.
கதவின் ஓரத்தில் ஆயில் மாற்றிய சீட்டு, பென்சில் எழுத்து.
கையுறைப் பெட்டியின் உள்மூடியில்
தொழிற்சாலை ஆள் மெழுகுக்குச்சியால் போட்ட டிக்,
இன்னும் மஞ்சளாக.

வலப்பக்க இருக்கையில் பள்ளம்.
வலது ஜன்னல் விளிம்பில்
ஒரு முழங்கை அளவுக்கு
பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது.

"ஆல்பினா அத்தையுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.
பக்கத்தில் எவனோ உட்கார்ந்து போனான் என்று பேச்சு.
அப்பா சாகும்வரை அவளோடு பேசவில்லை.
அந்தப் பள்ளத்தை முதலில் சரிசெய்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை,
நெப்ராஸ்காவிலும்.

ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.
மணி மூன்றுக்கு முள் நிற்கிற இடத்தில் மட்டும் வழவழப்பு.
பிரேக் மிதியின் ரப்பர்
வலது ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது.
என்ன வேலை பார்த்தார்?
"தபால். நான் பிறப்பதற்கு முன்னால்.
பண்ணை வீடுகள், மண் ரோடு, அறுபது மைல்."

நகர்ந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தேன்.
இடது காலை நீட்டினேன்: பிரேக்.
இடது கையை நீட்டினேன்: அந்த வழவழப்பு.
வலது முழங்கையை ஜன்னலில் ஊன்றி
கையை வெளியே நீட்டினேன்.
அங்கே ஒரு தபால் பெட்டி இருந்திருக்க வேண்டும்.
தினம் நூற்றுப்பத்துப் பெட்டிகள்,
பனியிலும்.

"அப்போ பக்கத்தில்?"
யாரும் இல்லை என்றேன்.
பக்கத்தில் இருந்தது அவர்தான்.

டெல்மர் வெளியே போய்
காற்றாலைகளைப் பார்த்தபடி நின்றார்.
ஒரு லாரி போனது. இன்னொன்று போனது.

பெயின்ட் பற்றி நான் நல்லது கெட்டது பேசக் கூடாது.
பூசி மெழுகியே வீட்டுக் கடனை அடைத்தவள்.
ஜூலை நாலு ஊர்வலத்தில் வருகிற
கண்ணாடி போன்ற வண்டிகளில் பாதி என் கைவேலை;
குனிந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.
இதற்கு பிரேக் குழாய் மட்டும் மாற்றினேன்,
எலிக்கூட்டை எடுத்தேன், பில் போட்டேன்.
இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் போனார்,
பள்ளத்தின் மேல் தொப்பியைக்கூட வைக்காமல்.

கலந்த பச்சை அரை காலன் மிச்சம்.
என் தபால் பெட்டிக்கு அடித்தேன்.
மூன்று கோடை ஆயிற்று, தெற்குப் பக்கம் வேறு பச்சை.

சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புச் சீப்பு கிடந்தது,
ஆண்கள் சட்டைப்பையில் வைக்கிற வகை.
இரண்டு பற்கள் இல்லை.
தூசைக்கூட ஊதவில்லை நான்.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.